எல்லாரும் எழும்பிட்டாங்களோ?

கிண்ணியாக் காக்காவின் ஹெல்மெட்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பந்தய ஞாயிறுகளில், தமது உதிரிப்பாகக் கடையைப் பூட்டியதும் அதைத் தலையில் மாட்டி மோட்டார் சைக்கிளில் ஏறுவார். பாலம் கடந்து, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் அக்கா வீட்டு விறாந்தையில் ஏறும்வரை கழற்றமாட்டார். பொலிசுக்குப் பயந்து அல்ல, செய்திக்குப் பயந்து. எங்கோ ஒரு தூர நகரத்தில் ஓடும் கார்ப் பந்தயத்தில் வென்றவர் யார் என்பது வழியில் அவர் காதில் விழுந்துவிடக் கூடாது. சந்திக் கடைக்காரர் வேண்டுமென்றே, "காக்கா, உங்கட ஆள் இண்டைக்கு..." என்று தொடங்குவார். காக்கா ஹோர்னில் வைத்த கையை எடுக்காமலே ஒழுங்கையின் முடிவுவரை வருவார். "வாய மூடு வாப்பா!" என்ற ஒரு சத்தம் மட்டும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்கும்.

இத்தனை ஏற்பாடும் அத்தானுக்காக. அக்காவின் கணவரான அவர் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் உள்ள பகுதியில் வேலை செய்கிறார். கைத்தொலைபேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டே உள்ளே போகவேண்டும். பந்தயம் நேரலையில் ஓடும் மாலையில் அவர் வேலையில் இருப்பார். ஆகவே அவர் வீடு வந்தபின், அத்தானும், அண்ணன் முறையில் காக்கா என்று நாங்கள் அழைக்கும் அவருடைய சிநேகிதரும், நானும் பதிவைப் போட்டு, அந்தக் கணத்தில்தான் நடப்பதுபோலப் பார்ப்போம். அதுவரை எவருக்கும் முடிவு தெரிந்திருக்கக் கூடாது. எங்களுக்கு இருந்த ஒரே சட்டம் அது. "ஓடினவன் குளிச்சு, சாப்பிட்டு, படுத்தும் இருப்பான். இவையள் இப்பதான் அவனை வெளிக்கிட விடப்போகினம்," என்று குசினியிலிருந்து அக்கா சொல்லுவாள்.

எனக்கு அத்தான் மீது ஐயம் பிறந்தது ஒரு மழைப் பந்தயத்தில். முதல் வளைவிலேயே நான்கு கார்கள் ஒன்றோடொன்று மோதி, ஒன்று கவிழ்ந்து சறுக்கியது. காக்கா "யா அல்லாஹ்" என்று எழுந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தானோ கதிரையில் சாய்ந்தபடி பருப்பு வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். விவாத மேடையில் எதிரணியின் வாதத்தைவிட எதிரணியின் முகத்தையே அதிகம் படித்துப் பழகியவள் நான். மாகாணப் போட்டிகளில் பெற்ற கேடயங்களுக்கு அந்தப் பழக்கமே காரணம் என்று இன்றும் கருதுகிறேன். அன்று முதல் அத்தானின் முகத்தைப் படிக்கத் தொடங்கினேன். எந்த விபத்துக்கும் அவர் திடுக்கிடவில்லை. ஆனால் தம் ஆள் ஒருவரை முந்தினால் மட்டும் துள்ளி எழுவார், பிந்தினால் வாடிப்போவார். அந்தத் துள்ளலை நடிப்பென்றே முடிவுசெய்தேன். விபத்து தெரிந்தவருக்கு வெற்றி தெரியாமல் இருக்க வழியில்லை. முடிவை அறிந்துகொண்டு வந்து, அறியாத எங்களோடு உட்கார்ந்து, எங்கள் பதைப்பை வேடிக்கை பார்க்கிறார்! அந்த எண்ணம் வந்தபின் அவர் அன்பாகப் பரிமாறிய தேநீரையும் என்னால் ஐயமின்றிக் குடிக்க முடியவில்லை.

அடுத்த பந்தயத்தில் ஒரு கார் தடுப்புச் சுவரில் மோதியபோது, பதிவை நிறுத்திவிட்டு எழுந்தேன்.

"அத்தான், நீங்கள் எல்லாத்தையும் அறிஞ்சுகொண்டுதானே வாறனீங்கள்?"

மறுப்பார் என்று நினைத்து அடுத்த மூன்று கேள்விகளையும் தயாராக வைத்திருந்தேன். அவர், "ஓம்," என்றார்.

காக்கா மெல்லத் திரும்பினார். "அப்ப நான் என்னத்துக்கு மச்சான் இந்த வெக்கையில ஹெல்மெட்டப் போட்டுக்கொண்டு வாறன்? கிண்ணியாவிலயே இருந்து பார்த்திருப்பன்." வேடிக்கையாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது குரலில் வேடிக்கை இல்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார். அவர் படியிறங்கினால் அந்த ஞாயிறுகள் அத்தோடு முடிந்துவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"இரு மச்சான். எல்லாம் தெரியாது. வாசல்ல நிக்கிற பொடியன் றேஸ் பார்க்கிறவன். போன் எடுக்கேக்க அவனிட்ட ஒண்டுதான் கேக்கிறனான், எல்லாரும் எழும்பிட்டாங்களோ எண்டு. ஆர் வெண்டது எண்டு சொல்ல வெளிக்கிட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்திடுவன்." நின்றிருந்த திரையைக் காட்டினார். "முந்தி ஒருக்கா நேரடியாப் பார்த்துக்கொண்டு இருந்தனான். ஒருத்தன் இப்பிடித்தான் சுவரில அடிச்சான். எழும்பயில்லை. நான் அவன் எழும்புவான் எண்டு தேத்தண்ணியும் கையுமா இருக்கிறன், ரீவியில கதைக்கிறவன் அடுத்த சுற்றைப் பற்றிக் கதைக்கிறான். அதுக்குப் பிறகு தெரியாமல் பார்க்க எனக்கு ஏலாது."

காக்கா சாவியைக் கீழே வைத்தார். நான் என் வழக்கைக் கீழே வைக்கவில்லை. உருக்கமான கதையே பலவீனமான வழக்கின் கடைசி ஆயுதம் என்பது எனக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். "வாசல்காரர் ஒருநாளும் வாய் தவறினதில்லையோ? அவரின்ர முகத்திலயே வெற்றி தெரியாதோ? இதை நான் எப்பிடி நம்புறது?" என்று அடுக்கினேன்.

அத்தான் கோபிக்கவில்லை. "நம்பாதை. உன்னை ஒருத்தரும் லேசில நம்பவைக்க ஏலாது. அதால இனி அவனிட்டக் கேக்கயில்லை. நீ நேரடியாப் பார்த்து எனக்குச் சொல்லு. நீ ஓம் எண்டால் அது ஓம்தான்."

"நல்ல வேலை," என்று காக்கா சிரித்தார். "இனி இந்த வீட்டில கள்ளி நீதான், பிள்ளை."

இப்போது பந்தய ஞாயிறுகளில் அறையைப் பூட்டி, ஒலியை அடக்கி, தனியே நேரலையைப் பார்க்கிறேன். அத்தான் வேலை முடிந்து வாசலில் தொலைபேசியைப் பெற்றதும் அழைப்பார். பெரும்பாலும் அதற்குள் பந்தயம் முடிந்திருக்கும். பின்னர் முடிவு தெரிந்த நானும் முடிவு தெரியாதவளாக அவர்களோடு அமர்கிறேன். காக்கா திரையைவிட என் முகத்தையே அதிகம் பார்க்கிறார். முன்பு நான் அத்தானைப் பார்த்த அதே கண்களால்.

சென்ற பந்தயம் தாமதமாகத் தொடங்கியதால் அத்தானின் அழைப்பு வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம்தான் ஒரு கார் சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. உடனே காட்சியைத் தூரத்து மரங்களுக்கு மாற்றிவிட்டார்கள். மோதலைத் திரும்பக் காட்டவில்லை. ஓட்டுநர் நலம் என்று தெரியும்வரை திரும்பக் காட்டமாட்டார்கள் என்பதைப் பந்தய ரசிகர் எவரும் அறிவர்.

"எல்லாரும் எழும்பிட்டாங்களோ?"

"இன்னும் காட்டயில்லை, அத்தான். பொறுங்கோ."

தொலைபேசியில், அவர் நின்ற வாசலில் லொறிகள் போகும் இரைச்சல் கேட்டது. பிறகு புகைக்குள் கையுறை போட்ட ஒரு கை தெரிந்தது. அது மீட்பாளர் ஒருவரின் கையாகவும் இருக்கலாம். அதை நம்பி ஓம் சொல்ல முடியாது. ஓட்டுநர் வெளியே வந்து, இரண்டு காலிலும் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைக் காட்டும்வரை பார்த்தேன்.

"ஓம், அத்தான். எழும்பிட்டான்."

"நீ கண்டனியோ?"

"கண்டனான்."

"அப்ப சரி," என்றார் அத்தான். பஸ்ஸை மறிக்கக் கையைக் காட்டியிருப்பார் போலும். பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது, தொடர்பு அறுந்தது.