கோவென்ட்ரிக்கு அனுப்பப்பட்ட வில்ஃப்

இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்று ஓர் ஊர் இருக்கிறது. ராதர்ஹாம் இரும்பு வார்ப்பு ஆலையில் ஒருவனைக் கோவென்ட்ரிக்கு அனுப்பிவிட்டோம் என்று சொன்னால், அவன் ரயிலேற வேண்டியதில்லை. அதே உலைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருப்பான். அவனோடு யாரும் பேசமாட்டார்கள்; பேசினால் பேசியவனுக்கும் அதே கதி, அவ்வளவுதான். வில்ஃப் ஆக்டனே முன்பு இரண்டு பேரை அப்படி அனுப்பிவைத்தவன். அன்றைக்கு அது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

தொழிலாளர்களைக் கை தூக்கச் சொல்லி வாக்கெடுக்காமல் சங்கம் அறிவித்த வேலைநிறுத்தம் செல்லாது என்று சொல்லி, அந்த இலையுதிர்காலத்தில் அவன் மட்டும் வேலைக்குப் போனான். மறுவாரம் எல்லோரும் திரும்பி வந்தார்கள். தேநீர் ஊற்றும்போது அவன் குவளை மட்டும் காலியாக நின்றது. காலை வணக்கம் சொன்னான், சுவர்தான் கேட்டது. எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துவிடும். ஆனால் பிடித்த பிடியை விடுகிற பிறவியா அவன்? வேறு வேலைக்குப் போகலாமென்றால் குடியிருப்பதோ ஆலை கொடுத்த வீடு. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மற்றவர்கள் கிடக்கட்டும், கிளெம் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று ஏங்கினான். கிளெம் பக்கத்து வீட்டுக்காரன். வில்ஃபின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். ஒருநாள் வில்ஃப் அவனை வாசலில் வழிமறித்தே கேட்டுவிட்டான்.

"என்னைத் திட்டவாவது செய்யேன்டா."

கிளெம் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனான்.

பிப்ரவரியில் ஒரு காலை, கிரேனின் சங்கிலி நழுவியது. வில்ஃப் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். அத்தனை பேர் பார்த்தார்கள்; ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. கிளெம்தான் பாய்ந்து வந்து அவனை மணலில் தள்ளினான். வில்ஃப் நின்ற இடத்தில் இரும்புச் சட்டம் விழுந்தது.

வில்ஃப் எழுந்து கிளெமின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். கிளெமின் கண்கள் கலங்கியிருந்தன. வாயைத் திறந்தான். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டான். வில்ஃபின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினான்.

அன்று மாலையும் வில்ஃபின் மனைவி ஐவி அவனிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: யாராவது பேசினார்களா என்று.

"கிளெம் பேச வந்தான். பயந்துட்டான்."

வில்ஃப் தோளில் கன்றிப்போயிருந்த இடத்தைத் தடவிக்கொண்டான்.

"நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுடறேன், ஐவி. என்னால இதைத் தாங்க முடியும். அவனால முடியல."