மிட்ட என்றால் மேடு

ஓசூருக்குப் பக்கத்து ஊரில் நான் பஞ்சாயத்துத் தலைவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று பேசிப் பழகியவன்.

குடிசைவாசிகளுக்கு வீட்டுமனை ஒதுக்கச் சேலத்திலிருந்து சர்க்கார் அதிகாரி வந்தார். "மிட்டலயே குடுத்துடுங்க சாமி" என்றேன். தெலுங்கில் மிட்ட என்றால் மேடு. அவர் காதில் அது ஜமீனைக் குறிக்கும் 'மிட்டா' என்று விழுந்திருக்கிறது.

"மிட்டா நிலமெல்லாம் இப்ப சர்க்காருது. அதுல பஞ்சாயத்து தலையிட முடியாது" என்றவர், ஏரியை ஒட்டிய பள்ளத்தில் மனை அளக்கச் சொன்னார். எங்கள் மேட்டில் எங்களுக்கே உரிமை இல்லையா என்ற கோபத்தில் நான் விலகிப் போய் நின்றேன்.

கல் நடும்போது, மனை கேட்டிருந்த நாகம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"தண்ணி நிக்கிற எடத்துல புள்ளைங்கள எப்படிப் படுக்க வெப்பேன்? அந்த மேட்டுக்கு என்ன கொறச்சல்?"

அதிகாரி திரும்பி மேட்டைப் பார்த்தார், கையிலிருந்த நில வரைபடத்தையும் பார்த்தார். "அது ஊர்ப் பொது நிலமாச்சே! பஞ்சாயத்து தீர்மானம் போட்டாலே போதுமே. முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் சாமி. தெலுங்குல சொல்லிட்டேன்!"

அன்றே தீர்மானம் போட்டோம். அடுத்த ஐப்பசி மழையில் பள்ளத்தில் நட்ட கற்கள் முழுகிப்போயின. மேட்டில் நாகம்மா வீட்டு அடுப்பு புகைந்தது. எங்கள் ஊர் மனையை எங்கள் ஊரே முடிவு செய்தது என்று இன்றும் மார்தட்டிச் சொல்வேன்.

இப்போதெல்லாம் எந்த அதிகாரி வந்தாலும், முதலில் நிலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். புதுத் தெருவின் பெயரை அந்தச் சேலத்து அதிகாரியே கேட்டு எழுதிக்கொண்டார்: மிட்ட வீதி. இம்முறை 'ட'வுக்குத் துணைக்கால் போடவில்லை.