வெள்ளைத் துணியில் வைத்த லேப்டாப்

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அமாவாசை அன்று தறி ஓடாது. மற்ற நாட்களில் விடிந்ததிலிருந்து தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் தறிச் சத்தம் அன்றைக்கு நின்றுவிடும். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அன்று கொண்டாட்டம். வடை உண்டு, பாயசம் உண்டு. எனக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்காது. அம்மா பெங்களூருக்கு வேலைக்குப் போனது ஓர் அமாவாசைக்கு மறுநாள். முதல் நாள் வீட்டில் சத்தம் இல்லை, மறுநாள் அம்மா இல்லை. இரண்டையும் நானே முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஒவ்வோர் அமாவாசைக்கும் பயந்துகொண்டிருந்தேன்.

அம்மா பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டங்களாக மயிலும் மாங்காயும் வரைவாள். அங்கே ஒரு கட்டம் தப்பினால் இங்கே சேலை முழுக்க மயில்களுக்கு மூக்குக் கோணிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான கட்டங்களுக்கு நடுவே தப்பான ஒன்றை அம்மா எட்ட நின்றே கண்டுபிடிப்பாள். எதிர்வீட்டுக்காரி கட்டிக்கொண்டு போகிற சேலையில் ஓர் இழை விட்டிருந்தால்கூட வாசலில் கோலம் போட்டுக்கொண்டே சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணுக்காகத்தான் பெங்களூரில் ஒரு சேலைக் கம்பெனி அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே விடுதியில் தங்கியிருந்தாள். அந்த நாட்களில் எனக்குச் சடை பின்னியது அப்பா. தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டிப் பழகிய கை. பின்னி முடித்தால் என் கண் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும்.

பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஒப்புக்கொண்டு, அம்மா கையில் ஒரு லேப்டாப்புடன் வந்து சேர்ந்தாள். ராத்திரி என்னைத் தூங்கவைக்கும்போது பெங்களூரைப் பற்றிச் சொல்லுவாள். அங்கே அவளுக்கென்று சுழலுகிற நாற்காலி இருந்தது. சாவி போட்டுப் பூட்டும் சொந்த அலமாரி இருந்தது. விடுதிப் பெண்கள் இரண்டு பேரோடு சாயங்காலம் நடந்துபோய்ச் சோளக்கதிர் வாங்கித் தின்றாள். முதலாளியே அவள் மேஜைக்கு வந்து, "மேடம், இந்தக் கலர் சரியா இருக்குமா?" என்று கேட்பாராம். ஐயோ பாவம், நம் அம்மா தனியாக என்னவெல்லாம் பட்டிருக்கிறாள் என்று நான் உச்சுக் கொட்டிக்கொண்டே தூங்கிப்போவேன்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அந்த லேப்டாப் திணற ஆரம்பித்தது. டிசைன்கள் பெரிதாகிக்கொண்டே போயின. ஒரு மயிலைத் திறந்தால் அது வருவதற்குள் அம்மா சாம்பாருக்குத் தாளித்துவிட்டு வந்துவிடலாம். கம்பெனியில் பொறுத்துப் பார்த்துவிட்டு, மிஷினைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் திரும்ப இங்கேயே வந்து உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அதைச் சாப்பாடு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள். அப்பா உடனே எழுந்துபோய் மாமாவுக்குப் போன் போட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாலிடெக்னிக் படித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சொந்தக்காரர்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் டிவி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "பழசு பக்கத்துலயே இன்னொரு இடம் காலியா இருக்குது மாமா. அதுல புது மெமரி ஒண்ணு சொருவிட்டா குதிரை மாதிரி ஓடும்" என்று அப்பாவிடம் தைரியம் சொன்னார். அமாவாசை அன்று அம்மாவும் டிசைன் போடமாட்டாள் என்பதால் அந்த நாளையே குறித்தார்கள். அமாவாசை என்றதுமே நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா வந்ததும், எங்கே வைத்துப் பிரிப்பது என்ற கேள்வி வந்தது. அப்பாவுக்கு அந்த லேப்டாப்பின் மேல் தறியின் மேல் இருப்பதைவிட மரியாதை அதிகம். வெறும் தரையில் வைக்கச் சம்மதிக்கவில்லை. நெய்த சேலையின் மேல் தூசி படாமல் மூடிவைக்கும் வெள்ளைத் துணியைத் தறியிலிருந்து எடுத்து உதறி, தானே மடிப்பில்லாமல் விரித்தார். எங்கள் வீட்டில் அதைவிடச் சுத்தமான துணி கிடையாது. கைகழுவாமல் அதை யாரும் தொட முடியாது. மாமாவும், விழுகிற திருகாணி வெள்ளையில் நன்றாகத் தெரியும் என்று பாராட்டினார்.

லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினார். புது மெமரி பாதிச் சீப்பு அளவுக்குப் பச்சையாக இருந்தது, சீப்பின் பற்களைப் போல ஓரத்தில் மஞ்சள் கோடுகள். அதைச் சொருகி, நிமிர்த்தி, பொத்தானை அழுத்தினார்.

திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து 'பீப், பீப்' என்று ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. எங்கோ மாட்டிக்கொண்ட பூனைக்குட்டி கத்துவது போல இருந்தது. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்துப் பார்த்தார். அதே சத்தம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பொத்தானை வெகுநேரம் அழுத்திப் பிடித்தார். என் பள்ளிக்கூடப் பையிலிருந்து ரப்பரை வாங்கி மஞ்சள் கோடுகளைத் தேய்த்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பூனைக்குட்டி கத்தியது.

"பழசும் வேலை செய்யலியே மாமா" என்று மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "போர்டே போயிடுச்சோன்னு பயமா இருக்குது."

"இன்னா மச்சான் இப்படிச் சொல்ற? நல்லா இருந்ததைத்தானே உன் கைல குடுத்தேன்!" என்றார் அப்பா. அவர் குரல் உயர்ந்தது, உடனே உடைந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று அவர் முணுமுணுத்தபோது எனக்கு அழுகை முட்டியது.

மாமா அம்மாவைக் கூப்பிட்டார். "அக்கா, உன் கண்ணுதான் ஊசிக்கண்ணு. மெமரி சொருவுற இடத்துல எதுனா வளைஞ்சிருக்குதா, அடைச்சிருக்குதா, கொஞ்சம் பாரு."

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். அப்பா செல்போன் டார்ச்சைப் பிடித்தார். வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது. அம்மா அவர் கையைப் பிடித்து நிலைநிறுத்தி, ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் இல்லைடா" என்றாள். "போனது போவட்டும், விடுங்க. நான் நேர்லயே போயிடறேன். வரச் சொல்லிக்கினுதானே இருக்காங்க."

அப்பா காக்கைக்குச் சோறு வைக்கப் போனார். அமாவாசைக்குக் காகம் தொட்ட பிறகுதான் சாப்பாடு. அன்று காகம் உடனே வந்துவிட்டது, ஆனால் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, அம்மாவைத் தவிர. அவள் வடையைப் பாயசத்தில் தோய்த்து நன்றாகவே சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து அந்த நீலப் பையை இறக்கினாள். பெங்களூருக்கு எடுத்துப்போன பை. "சும்மா, தூசி தட்டி வைக்கறேன்" என்றாள். தட்டும்போது வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். என் பயம் போக்குவதற்காகத்தான் பாடுகிறாள் என்று நினைத்து எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அவள் பையைக் கீழே வைத்ததும் நான் போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். "எழுந்திரு பாப்பா" என்றாள். மாட்டேன் என்று தலையாட்டினேன். என் எடைக்குப் பயந்து பை நின்றுவிடும் என்றுதான் அந்த வயதில் நம்பினேன். அம்மா என் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மாமா தோற்றுப்போன முகத்தோடு அடிமூடியைத் திரும்ப மாட்ட உட்கார்ந்தார். அதற்குள் வெயில் நகர்ந்து, கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக நேராக அந்த வெள்ளைத் துணியின் மேல் விழுந்திருந்தது. திருகாணியை எடுத்த மாமாவின் கை அப்படியே நின்றது.

"மாமா, இங்க வாங்க!" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

புது மெமரிக்கான அந்தக் காலி இடத்தில், வரிசையாக இருந்த உலோகப் பற்களுக்குக் குறுக்கே, ஏதோ பளபளத்தது. மாமா ஊசியின் முனையால் மெதுவாக நெம்பி எடுத்து விரல்மேல் வைத்துக் காட்டினார். கண்ணிமை முடி நீளத்துக்கு ஒரு சரிகைத் துணுக்கு. "சரிகைன்னா வெள்ளிதானே, கரண்ட் பாயாம இருக்குமா? இது குறுக்கால படுத்துக்கினா எந்த மெமரியும் எழுந்திருக்காது!" என்று கத்தினார். அப்பா குனிந்து வெள்ளைத் துணியைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையில் அங்கங்கே மினுமினுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காகச் சரிகைச் சேலைகளை மூடிய துணி. எத்தனை உதறினாலும் போகாது. "நான் விரிச்சதுதானா" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

இரண்டு மெமரியையும் சொருகி மாமா பொத்தானை அழுத்தினார். பூனைக்குட்டி கத்தவில்லை. திரை வெளுத்து, அம்மாவின் மயில்கள் எல்லாம் வந்து வரிசையாக நின்றன. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. நான் பையின் மேலேயே குதித்தேன்.

அம்மா சமையலறை வாசலில் சொட்டும் கையோடு நின்றிருந்தாள். "வந்துடுச்சா?" என்றாள்.

"அக்கா, இப்படிப் பளபளக்குது, உன் கண்ணுக்கே தப்பிச்சிடுச்சே!" என்றார் மாமா.

"வயசாவுதில்ல?" என்று அம்மா சிரித்தாள். பிறகு என்னைத் தூக்கிக் கீழே விட்டு, பையை மடித்து, ஸ்டூலில் ஏறிப் பரணில் பழைய இடத்திலேயே வைத்தாள். இறங்கி வர ஏனோ நேரமாயிற்று.

வயதாகிறது என்று அவள் சொன்னதை அப்பா நிஜமாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே தறியை நிறுத்திவிட்டு அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார், கூடவே என்னையும். அங்கே எனக்கு வேறு பயம் பிடித்தது. கண் கெட்டால் அம்மா எப்படி டிசைன் போடுவாள்? சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருந்தது. கடைசி வரி எறும்பு ஊர்வது போல இருந்தது. அம்மா அதை மூச்சுவிடாமல் வாசித்துவிட்டாள்.

"ஒரு குறையும் இல்லைம்மா. இந்தக் கண்ணு எனக்கு இருந்தா நான் கண்ணாடியே போடமாட்டேன்" என்றார் டாக்டர்.

அப்பா விடவில்லை. "அப்புறம் எப்படி சார் டார்ச் அடிச்சுக் காட்டியும் அந்தச் சரிகை தெரியாம போச்சு?"

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து என் சட்டைப் பித்தானைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்குக் கண் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று நான் பாட்டாகவே பாடிக்கொண்டு வந்தேன். அப்பாவும் என்னோடு சேர்ந்துகொண்டார். அம்மா மட்டும் பாடவில்லை. அந்த நல்ல கண்ணுக்கு அன்று சரிகை தெரியாமல் போயிருக்காது என்று எனக்குப் புரிவதற்கு, நானும் வீட்டை விட்டு வந்து சுழலுகிற நாற்காலி ஒன்றில் உட்கார வேண்டியிருந்தது.