பலாப்பழத்துக்கு எடம்விட்ட ஆராய்ச்சி

தத்துவத்துல பிஎச்.டி. பண்றதுல கஷ்டம் படிப்பு இல்லீங்க, "என்ன படிக்கிறீங்க?"ன்னு கேக்குறவங்கதான். பகுதிநேர ஆராய்ச்சின்னு சேந்துட்டு முழுநேரமா முழிக்கிற சக பாவிகளே, நாப்பத்தேழு வயசுல நானும் ஒங்க கூட்டந்தான். சோத்துக்கு, கல்யாணம் காதுகுத்துல மிமிக்ரி. ஊருல உள்ள அத்தன பேரு குரலும் நம்ம தொண்டையில இருக்கு. ஆராய்ச்சித் தலைப்பு என்னன்னா, 'நான்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கா?'

ஜன்னல் சீட்டு

ஆலங்குடியில பஸ் ஏறி, ஜன்னலோரமா ஒக்காந்து புக்கைத் தொறந்தேன். பக்கத்துல ஒரு அக்கா, மடியில முழுப் பலாப்பழம். "என்ன தம்பி, பரிச்சையா?"ன்னாங்க. கேட்டாப் போதாதா நமக்கு! நான் என் ஒடம்பா, மனசா, ரெண்டுமே இல்லையான்னு புதுக்கோட்டை வார வரைக்கும் வெளக்குறதுக்குத் தயாராயிட்டேன். அஞ்சு நிமிஷம் பொறுமையா கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க:

"இருக்கமா இல்லையான்னே தெரியாத ஆளுக்கு எதுக்குப்பா ஜன்னல் சீட்டு? அங்கிட்டு தள்ளு, பழத்த வைக்கணும்."

நாலாவது அத்தியாயம்

எங்க கைடு மேடம் என்னைவிட அஞ்சு வயசு சின்னவங்க. அதனால சார்னுதான் கூப்பிடுவாங்க, திட்டும்போதும். எதச் சொன்னாலும் கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிட்டு, "அது சரி சார்... யாரு சொன்னா?"ன்னு ஒரு இழு இழுப்பாங்க. அதுக்குப் பயந்தே நாலாவது அத்தியாயத்துல வரிக்கு வரி 'அவர் சொல்கிறார், இவர் சொல்கிறார்'னு நெரப்பிட்டுப் போனேன். ஆய்வேடு குடுக்க ஏற்கெனவே கடைசி கால நீட்டிப்பு வேற. இதுல தவறுனா ஏழு வருஷமும் தண்ணியில.

மேடம் எல்லாப் பக்கத்தையும் புரட்டிட்டு, பேனாவ மூடி வச்சாங்க.

"எல்லாரும் வந்து பேசிட்டாங்க சார். நீங்க எப்ப வருவீங்க?"

அடுப்படி ஒத்திகை

எப்படியோ ஒப்பேத்தி ஆய்வேட்டைக் குடுத்தாச்சு. வைவான்னு சொல்ற வாய்மொழித் தேர்வுக்குத் தேதியும் வந்துருச்சு. வீட்டுல ஒத்திகை. நானே கேள்வி கேப்பேன், நானே பதில் சொல்வேன். என் சொந்தக் குரல்ல சொன்னா நாக்கு கொழறுது. அதே பதில மேடம் குரல்ல சொன்னா அருவி மாதிரி கொட்டுது! சரின்னு மொத்தத்தையும் மேடம் குரல்லயே மனப்பாடம் பண்ணிட்டேன். கத்திரிக்கா நறுக்கிக்கிட்டே கேட்டுட்டிருந்த என் வீட்டுக்காரம்மா சொன்னா:

"ஏங்க, அந்தம்மா நல்லாத்தான் சொல்றாங்க. பட்டத்த அவங்களுக்கே குடுக்கச் சொல்லிருங்க."

வைவா

வைவாவுக்கு யாரு வேணாலும் வந்து ஒக்காரலாம். தத்துவத்துக்கு யாரு வருவா? ஹால் காலியா கெடந்தா அசிங்கம்னு, லட்டு மிக்சர் உண்டுன்னு சொல்லி கந்தர்வகோட்டையிலேருந்து மாமனார் வீட்டுச் சனத்த வேன்ல ஏத்திட்டேன்.

வெளியூர்லேருந்து வந்த தேர்வாளர் மொதக் கேள்வியப் போட்டார்: "இவ்வளவு பேசுறதுக்கு உள்ள ஒரு 'நான்' இருந்துதானே ஆகணும்?"

வாயத் தொறந்தேன். மேடம் வந்துட்டாங்க! "அது சரி சார்... யாரு சொன்னா?" அதே இழுவை. போதாக்குறைக்கு என் கண்ணாடியும் மூக்கு நுனிக்கு எறங்கியிருந்துச்சு.

மிமிக்ரி நிகழ்ச்சி ஆரம்பிச்சிருச்சுன்னு நெனச்சு, கந்தர்வகோட்டைச் சனம் ஒரே கைதட்டல். தேர்வாளருக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்த மேடம் தலையே நிமிரல. ஏழு வருஷம் வேன் ஏறிப் போகுதுன்னு நெனச்சேன்.

தேர்வாளர் பேனாவக் கீழ வச்சார். "இப்பப் பேசுனது யாரு?"

மேடம் குரல் காணாமப் போயிருச்சு. படிச்ச புக்கு ஒண்ணும் ஒதவிக்கு வரல. என் கரகரக் குரல்தான் மிச்சம். "தெரியலீங்கய்யா. ஊரு குரலெல்லாம் வருது. உள்ள தேடுனா ஆளக் காணோம். அந்தப் பயத்துலதான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்."

அவரு திரும்பப் பேனாவ எடுத்து, பட்டத்துக்குப் பரிந்துரைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளிய வந்ததும் மேடம் ஒரு லட்ட எடுத்து என் கையில வச்சாங்க.

"ஏழு வருஷத்துல நீங்களா சொன்னது இந்த நாலு வரிதான் சார். இத முன்னாடியே சொல்லியிருந்தா நாலாவது அத்தியாயத்த நான் படிச்சிருக்க வேணாம்."

ஆக, 'நான்' இருக்கேன்னு பெரியவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலும், ஆலங்குடி பஸ்சுல ஜன்னல் சீட்டு இன்னும் பலாப்பழத்துக்குத்தாங்க.