சோத்தாங்கைக் குங்குமம்

நான் வேலை பார்த்த காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை வாசலில் ஒரு காவல்கார அம்மா நிற்பார். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, நெற்றியில் எட்டணா அளவுக்குப் பொட்டு. வெளியே போகும் பெண்களிடம் குங்குமத் தட்டை நீட்டுவது அவர் வழக்கம். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். மாடியில் நாள் முழுக்க கேமரா பார்க்கும் எனக்கு வயிறு எரியும். தட்டு நீட்டுவதும் ஒரு வேலையா?

ஒருநாள், ஒரு பெண் மாம்பழக் கலர் பட்டு ஒன்றைக் கக்கத்தில் செருகி முந்தானையால் மூடியதைத் திரையில் கண்டேன். படிகளில் தாவி இறங்கினேன். அதற்குள் அந்த அம்மா தட்டை நீட்டியிருந்தார். அந்தப் பெண் இடது கையை நீட்டினாள். இடது கையால் யார் குங்குமம் எடுப்பார்கள்?

"சோத்தாங்கையில எடுத்துக்கமா. கக்கத்துல இருக்கறத நான் வாங்கிக்கறேன்" என்று அம்மா அவள் காதோடு சொன்னது, பக்கத்தில் வந்துவிட்ட எனக்கும் கேட்டது.

புடவை கைமாறியது. அவள் குங்குமமும் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நான்தான்கா மொதல்ல பாத்தேன். புடிச்சிக் குடுக்காம வுட்டுட்டீங்களே!" என்றேன்.

"பொடவ வந்துடுச்சில்ல? போயி உன் டிவியப் பாருப்பா."

முதலாளி அவரைத்தான் பாராட்டினார்.

பிறகு அவர் லீவு போட்ட ஒருநாள், தட்டோடு வாசலில் நான் நின்றேன். ஆம்பளை கையிலிருக்கும் தட்டில் எந்தப் பெண்ணும் குங்குமம் எடுக்கவில்லை. ஒருத்தி மட்டும் பில் போட்ட பையோடு நின்றாள். அதே மாம்பழக் கலர்காரி. தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்தக்கா இன்னிக்கி வரலியா?" என்றாள்.