காயலான் கடைக்குப் போகாத லேப்டாப்

1997 அக்டோபர், விஜயதசமி கழிந்து பன்னிரண்டாம் நாள். தி.நகரின் தீபாவளிக் கூட்டத்தில் இடிபட்டு, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு ரிப்பேர் கடையின் மாடிப்படி ஏறினேன். அமெரிக்காவிலிருந்து வந்த மைத்துனர், தான் பயன்படுத்திய பிறகு எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது.

கோபாலபுரத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கு அடுத்த ஆண்டு வெள்ளிவிழா. விழா மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னுடையது. பழைய ஆசிரியர்களின் வீடுகளுக்கு இரண்டு வருடம் அலைந்து சேகரித்ததெல்லாம் அந்த லேப்டாப்புக்குள்தான் இருந்தது. பிளாப்பி டிரைவ் முன்பே பழுது. அதனால் நகல் கிடையாது. தட்டச்சு செய்தாயிற்றே என்று கைக்குறிப்புகளை எடைக்குப் போட்டிருந்தேன்.

மெக்கானிக் ஆன் செய்தார். உள்ளே ஓடும் சத்தம் கேட்டது. திரை மட்டும் இருட்டு.

"ஸ்கிரீன் பூட்ச்சும்மா. இந்த மாடலுக்கு ஸ்பேர் கெடைக்காது. இத்தத் தூக்கினு இன்னாத்துக்கு அலையற? காயலான் கடையில போட்டுட்டு புச்சா ஒண்ணு வாங்கு."

"தூக்கிப் போடுன்னு நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ?" என்றார் கூட வந்த என் கணவர்.

நான் லேப்டாப்பைத் திரும்ப எடுக்காமல் அங்கேயே நின்றேன். பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, "எப்பலேர்ந்து இப்டி கீது?" என்று மெக்கானிக் கேட்டார். கைப்பையிலிருந்து டயரியை எடுத்தேன். பால் வராத நாள், மின்சாரம் போன நேரம் எல்லாம் அதில் உண்டு.

"ஆரம்பிச்சுட்டா! நான் நேத்து எத்தனை மணிக்குத் தும்மினேன்னு கேளுங்கோ, அதையும் சொல்லுவா" என்று கணவர் சிரித்தார்.

நான் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி வாசித்துக் காட்டினேன். 'விஜயதசமி, காலை. திரை இருண்டது. தட்டினால் வந்தது.' அதற்கு மேலே, முந்தைய நாள்: 'சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு லேப்டாப்பையும் வைத்தேன்.' முகம் சூடாகிவிட்டது. மூடியின் மேல் மட்டும் போதாதென்று, திறந்து உள்ளேயும் சந்தனம் குங்குமம் இட்டு, ஈரம் காயுமுன் மூடியவள் நானேதான்.

"திரைக்குக் கீழே, இந்த ஓரத்துல சந்தனம் வச்சேன். அங்கே என்ன இருக்கு?"

மெக்கானிக் குனிந்து பார்த்தார். மிளகளவு ஒரு பித்தான். மூடியை மூடினால் அது அமுங்கித் திரையை அணைக்குமாம். சந்தனம் காய்ந்து, அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் தொட்டு ஊசியால் நெம்பினார். பித்தான் மேலே எழும்பியது. திரையில் வெளிச்சம் வந்தது.

"யம்மா, மிஷினுக்குப் பொட்டு வச்சி கண்ண மூட வச்சிட்டியே!" என்று கடையே அதிரச் சிரித்தார். "ஆனா தேதி சொன்ன பாரு, அது டாப்பு. நானே தூக்கிப் போடச் சொல்லிட்டேன்."

கணவர் லேப்டாப்பைத் தானே சுமந்து படியிறங்கினார். தீபாவளிக்கு வந்த உறவினர் எல்லோரிடமும், "தேதியை வச்சே கண்டுபிடிச்சா!" என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிவிழா மலர் சொன்ன நாளில் வெளிவந்தது. எழுதியதற்குக் கிடைத்த பாராட்டுகள் பல மறந்துவிட்டன. ஆனால் என் தவறையும் நாள் குறித்து எழுதிவைத்திருந்ததால்தான் அந்த எழுத்து பிழைத்தது என்ற பெருமையை, இன்றும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.