பல் விளக்குவதற்கு முன்

பதுருன்னிசாவைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு முதலில் வருவது வயிற்றெரிச்சல்தான். மறைத்து என்ன பயன்? பூர்வீகம் கடையநல்லூர், வளர்ந்தது கடல் தாண்டி இங்கே தஞ்சோங் பகாரில். பன்னிரண்டு வருஷமாக வீடு வீடாகப் படியேறி, டிபி ஆராய்ச்சிக்குச் சளி வாங்கி வருவது அவள் வேலை. அந்த ஆராய்ச்சிக்கு இப்போது தலைவி, சிவகாமசுந்தரியாகிய நான். இருந்தும் ஜாலான் புசாரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “பதுரு வரலையா?” என்றுதான் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1957இல் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவள். கஞ்சி போட்ட சேலை, கைப்பை. அவள் ஏழாவதோடு நின்றவள். ஆங்கிலம்கூட ஆஸ்பத்திரி வராந்தாவில் காதால் கேட்டுப் பிடித்ததுதான். ஆனால் நான் கொண்டுவரும் டப்பாக்களில் பாதி வெறும் எச்சில் என்று லேபில் திருப்பி அனுப்புவார்கள். அவள் டப்பா ஒன்றுகூடத் திரும்பாது. லேப்காரனுக்கு அவள் ஏதோ பலகாரம் கொடுக்கிறாள் என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அப்படி ஒரு புத்தி எனக்கு.

1961 மே மாதம் எங்கள் பெரியவர் டாக்டர் ஜெயரத்தினம் கூப்பிட்டார். லண்டனில் ஆறு வாரம் கோடைகாலப் பயிற்சி, ஒரே ஓர் இடம். “சனிக்கிழமை ரெண்டு பேரும் ஃபீல்டுல கத்துக்கிட்டதைச் சொல்லுங்க. யார் சொல்றது உருப்படியா இருக்கோ, அவங்க போகலாம்” என்றார். வருஷம் முழுக்க வெயிலில் வேகும் நமக்குக் கோடை என்ன, குளிர் என்ன! ஆனாலும் அந்த இடம் எனக்கு வேண்டும். அவளுக்குக் கிடைத்துவிடுமோ என்று சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தேக்கா சந்தையில் தேநீர் குடிக்கும்போது மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டேன். “உனக்கு மட்டும் எப்படி நல்ல சளியா கிடைக்குது?”

அவள் சிரித்தாள். “அக்கா, நீங்க வர்றீங்கன்னா அவங்க பல்லு விளக்கி, வாய் கொப்பளிச்சு, திருநீறு பூசிக்கிட்டுத்தான் டப்பாவைத் தொடுறாங்க. படிச்சவங்க கையில அழுக்கு வாயோட குடுக்கலாமான்னு ஒரு மரியாதை லா. சளியெல்லாம் குழாயடியிலயே போயிடுது. நான் முந்தின சாயங்காலமே டப்பாவைத் தலைமாட்டுல வச்சிடுவேன். பாயை விட்டு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி துப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்துடுவேன். அவ்ளோதான்.”

நான்கு வருஷமாக என் கைப்பைக்குக் கிடைத்த மரியாதைதான் என் டப்பாவைக் கெடுத்திருக்கிறது! அவளோ அதை வடையைப் பிட்டுத் தருவதுபோலச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் வயதில் மூத்தவள் என்று என்னை முதலில் பேசச் சொன்னார்கள். நானே கண்டுபிடித்ததுபோல அத்தனையையும் ஒப்பித்தேன், திருநீறு உட்பட. டாக்டர் மேசையைத் தட்டி, “வெரி குட்!” என்றார். பதுருன்னிசாவின் முறை வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அக்கா சொன்னதுக்கு மேல என்கிட்ட ஒண்ணுமில்ல சார்” என்று உட்கார்ந்துவிட்டாள். நான் லண்டனுக்குப் போனேன். கப்பல் ஏறுகிறவரை அவள் என்னோடு தேநீர் குடிக்க வரவில்லை.

திரும்பி வந்ததும் பதவி, தனி அறை, எல்லாம் வந்தது. வருஷாவருஷம் ஜூன் விடுமுறையில் புதியவர்களுக்குப் பயிற்சிப் பட்டறையும் நடத்துகிறேன். பாடம் எடுப்பது நான். வீடுகளுக்குக் கூட்டிப்போவது அவள். இந்த வருஷம், 1969இல், யாரோடு போக விருப்பம் என்று கேட்டேன். பதினாறு பேரும் அவள் பெயரைத்தான் சொன்னார்கள். மரியாதைக்காவது ஒருத்தர் என் பெயரைச் சொல்லக்கூடாதா?

அந்த எரிச்சலோடுதான் தலைமாட்டு டப்பா பாடத்தை நடத்தினேன். முடித்ததும் மனோரஞ்சிதம் என்ற பயிற்சிப் பெண் எழுந்து, “இதை முதல்ல கண்டுபிடிச்சது யாரு மிஸ்?” என்றாள்.

பின் வரிசையில் பதுருன்னிசா டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்தேன்.

அவள் நிமிராமலே சொன்னாள்: “அக்காகிட்டயே கேளுங்க லா. லண்டன் வரைக்கும் போய்ச் சொன்னவங்க அவங்கதானே.”

பதினாறு முகங்களும் என் பக்கம் திரும்பின.

“நான்தான்” என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். பதுருன்னிசாவும் தட்டினாள்.